வலியின் வகையும் மருந்தின் எல்லையும்: போருக்குப் பிந்திய வன்னியில் அபினிசார் வலிநீக்கிகளுக்கான மாற்றுத் தேடல்

வினாவும் களமும்

அபினிச் செடியின் பாலிலிருந்து பெறப்படும் மோர்பினையும் அதன் வழிவந்த மருந்துகளையும் போல வலியை அடக்கக்கூடிய, ஆனால் அவற்றைப் போல மனிதரை அடிமைப்படுத்தாத, மூச்சை நிறுத்தாத மருந்தொன்று கிடைக்குமா என்னும் வினா மருத்துவ ஆய்வில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அண்மைக் காலத்தில் இவ்வினாவை அவசரமானதாக்கியது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவமாகும். 1996இல் சந்தைக்கு வந்த ஒக்ஸிகொன்ரின் போன்ற அபினிசார் மாத்திரைகள் முதுகுவலி, மூட்டுவலி முதலிய நாட்பட்ட வலிகளுக்கும் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து ஹெரோயினும் சட்டவிரோத பென்ரனிலும் பரவ, 1999 முதல் 2023 வரை அபினிசார் பொருள்களை அளவுக்கு மீறி உட்கொண்டு அங்கு இறந்தோர் தொகை ஏறத்தாழ 8 இலட்சத்தை எட்டியது. மாற்று மருந்து பற்றி இன்று வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த மிகைப் பயன்பாட்டைக் குறைக்கும் நோக்கிலேயே செய்யப்படுகின்றன.

இலங்கையின் வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இதே வினா வேறொரு பின்னணியில் எழுகிறது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற உள்நாட்டுப் போர், அகற்ற முடியாத செல் துண்டுகளை உடலில் தாங்கியவர்களையும், மிதிவெடியாலும் எறிகணையாலும் கை கால்களை இழந்தவர்களையும், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றுப் போனவர்களையும் இங்கே விட்டுச் சென்றது. இவர்களோடு, வயலிலும் கடலிலும் கூலிவேலையிலும் உடலை வருத்தி உழைப்போரின் முதுகு, மூட்டு நோவுகளையும், முற்றிய புற்றுநோயின் வலியையும் சேர்த்துப் பார்த்தால், இந்நிலப்பரப்பின் வலிச்சுமை பல அடுக்குகளைக் கொண்டது என்பது புலனாகும். அபினிசார் மருந்தின் மிகையால் அன்றி அதன் பற்றாக்குறையால் துன்புற்ற வரலாற்றை உடைய ஒரு பகுதிக்கு, மிகையால் துன்புற்ற நாடுகளில் உருவான மாற்றுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு வலிநீக்கியின் பாதுகாப்பு எந்த வலிக்கு, எந்த உடலுக்கு, யாருடைய கண்காணிப்பில் அது கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது இதன் மையக் கருத்தாகும்.

வலியின் வகைகளும் அபினிசார் மருந்துகளின் செயலும்

மாற்றுகளை மதிப்பிடுவதற்கு முன் வலியின் வகைகளைப் பிரித்துக் கொள்ளுதல் வேண்டும். வெட்டு, முறிவு, அழற்சி போன்றவற்றால் இழையம் சேதமுறும்போது அச்சேதத்தை நரம்புகள் மூளைக்கு அறிவிப்பதால் எழுவது காயவலி. அறிவிக்கும் நரம்பே சேதமுற்று, வெளியே காயம் ஆறிய பின்னும் எரிவாகவும் மின்சாரம் பாய்வது போன்ற குத்தாகவும் தொடர்வது நரம்புவலி. வெட்டப்பட்ட கால் இருந்த இடத்தில் உணரப்படும் வலியும், முள்ளந்தண்டு வடக் காயத்தின் கீழே உணரப்படும் வலியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இழையமும் நரம்பும் பெரிதாகச் சேதமுறாத போதும் மூளையும் தண்டுவடமும் வலிச் செய்திகளை மிகைப்படுத்தி உணர்வதால் எழுவது மூன்றாம் வகை. உடலெங்கும் உளைவு, உறக்கமின்மை, ஓயாத களைப்பு ஆகியவற்றோடு அது வெளிப்படும். ஒரே நோயாளியிடம் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு.

அபினிசார் மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஏற்பிகள் எனப்படும் புரதங்களில் பொருந்தி, வலிச் செய்தி மேலேறுவதைத் தடுக்கின்றன. அதே ஏற்பிகள் மூச்சைச் சீர்ப்படுத்தும் மூளைத்தண்டிலும், மகிழ்வுணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளிலும், குடலிலும் இருப்பதால், வலி நீங்குவதோடு மூச்சு மந்தமாதல், மருந்தை நாடும் வேட்கை, மலச்சிக்கல் ஆகியனவும் உடன்வருகின்றன. நாட்செல்ல அதே பயனைப் பெறக் கூடுதல் அளவு தேவைப்படுவதும், சிலரிடம் மருந்தே வலியுணர்வைக் கூட்டுவதும் அறியப்பட்டவை. காயவலியிலும் புற்றுநோய் வலியிலும் இம்மருந்துகள் சிறந்து விளங்கினாலும், நரம்புவலியில் அவற்றின் பயன் குறைவு. மூன்றாம் வகையில் பயனைவிடக் கேடே மிகுதி. அமெரிக்காவில் படைத்துறை ஓய்வாளர் 240 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, நாட்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஓராண்டுக் காலம் அபினிசார் மருந்து பெற்றோர், பிற மருந்துகளைப் பெற்றோரைவிட எவ்வகையிலும் நன்றாக இயங்கவில்லை என்று காட்டியது. 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, திடீரென ஏற்படும் முதுகு, கழுத்து வலிக்கும் ஒக்ஸிகொடோன் என்னும் அபினிசார் மருந்து, மருந்தற்ற வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று கண்டது.

எனவே மாற்று தேவைப்படுவது எல்லா வலிக்கும் அன்று; அபினிசார் மருந்து பயன்தராத வலிகளுக்கு அதனை நாடாதிருப்பதே தேடலின் முதற்படியாகும்.

வன்னியில் மோர்பினின் நிலை

வன்னியின் அண்மை வரலாற்றில் வலிநீக்கம் பற்றிய மிகக் கடுமையான சான்று 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குரியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்களாக இருந்த வைத்தியர்கள் த. சத்தியமூர்த்தியும் து. வரதராஜாவும் அவ்வாண்டு மார்ச்சில் சுகாதார அமைச்சுக்கு எழுதிய கடிதத்தில், மயக்க மருந்துகளும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் தங்களுக்கு அனுப்பப்படவில்லை என்றும், வைத்தியசாலையில் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை என்றும் தெரிவித்தனர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 மார்ச் அறிக்கையும், போர் வலயத்துக்கான மருத்துவப் பொருள்கள் மட்டுப்படுத்தப்பட்டதையும், போதிய மயக்க மருந்தின்றி அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டதையும் பதிவு செய்துள்ளது. தொடக்கத்தில் வலி போதியவாறு அடக்கப்படாத காயம் பிற்காலத்தில் நாட்பட்ட வலியாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுவதால், அன்றைய பற்றாக்குறையின் விளைவு அன்றோடு முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

அமைதிக் காலத்திலும் மோர்பினின் இருப்பு உலகெங்கும் சமமாகப் பகிரப்படவில்லை. வலிநீக்கம் குறித்து லான்செட் இதழ் அமைத்த ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றில் உலகில் விநியோகிக்கப்பட்ட, மோர்பின் அளவில் கணக்கிடப்பட்ட 298.5 தொன் அபினிசார் மருந்துகளில் மிகக் குறைந்த வருமான நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன் மாத்திரமே. இலங்கை அந்தக் கடைநிலைப் பிரிவில் இல்லையாயினும், 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோர்பின் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதும், அதனை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நகரப் பெரு வைத்தியசாலைகளில் செறிந்திருப்பதும் கிராமப்புற நோயாளியை அதிலிருந்து தொலைவில் வைத்திருக்கின்றன. வடமாகாணத்தின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை வைத்தியசாலையே மையமாக விளங்குவதால், முல்லைத்தீவுக் கரையோர நோயாளி ஒருவர் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணித்தே அங்கு சேர வேண்டியுள்ளது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு வாய்வழி மோர்பினுக்கு நிகரான, அதனளவு மலிவான மாற்று இன்றுவரை இல்லை. ஆகவே பாதுகாப்பான மாற்று என்னும் பெயரால் மோர்பினை மேலும் எட்டாததாக்குவது இந்நோயாளிகளுக்கு இழைக்கும் தீங்காகவே முடியும்.

இவ்விடயத்தில் அண்டை நாட்டின் அனுபவம் கவனத்துக்குரியது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் சட்டப்படி அபினி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் இந்தியாவில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமங்களின் சிக்கலால் மருத்துவ மோர்பின் பயன்பாடு வெகுவாக வீழ்ந்தது. 1993இல் கோழிக்கோட்டில் எம். ஆர். இராஜகோபாலும் அவருடைய உடனுழைப்பாளர்களும் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சை நிலையமும், பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் தொண்டர்களைக் கொண்டு விரிந்த அயலகப் பராமரிப்பு வலையமைப்பும், எளிய கட்டுப்பாட்டு முறையின் கீழ் மோர்பினை நோயாளியின் வீட்டுக்கே கொண்டு சென்றன. பெரிய அளவிலான துர்ப்பயன்பாடு அங்கு எழவில்லை. அதே சட்டம் 2014இல் மருத்துவத் தேவைக்காகத் தளர்த்தப்பட்டமைக்கு இவ்வனுபவம் ஒரு காரணமாயிற்று.

கைக்கெட்டிய மாத்திரைகளும் அவற்றின் கேடுகளும்

வன்னிக் கிராமங்களில் நோவுக்கு முதலில் நாடப்படுவது பனடோல் என்று பரவலாக அறியப்படும் பரசிற்றமோலே. நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் எல்லைக்குள் அது வளர்ந்தோர் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. எல்லையை மீறினால் ஈரலைச் சிதைக்கும். அதன் பயனும் வரையறைக்குட்பட்டது: திடீர் முதுகுவலிக்கு அது வெற்று மாத்திரையைவிட விரைவான குணத்தைத் தரவில்லை என்பதை 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

அடுத்த நிலையில் வருபவை ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்ற அழற்சித் தணிப்பிகள். குறுகிய காலக் காயவலியில் இவற்றின் வலிமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. நியூயோர்க்கின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கை கால் வலியோடு வந்த 416 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஐபுபுரோபனும் பரசிற்றமோலும் சேர்ந்த கலவை, அபினிசார் மாத்திரைக் கலவைகளுக்கு நிகராகவே இரண்டு மணி நேரத்தில் வலியைக் குறைத்தது. எனினும் இம்மருந்துகள் இரைப்பைப் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடியவை. அவற்றுள் குடலுக்கு இதமானதாக 1999இல் அறிமுகமான ரோபிகொக்சிப், மாரடைப்பைக் கூட்டுவதாகக் கண்டறியப்பட்டு 2004 செப்டெம்பரில் மீளப்பெறப்பட்டது.

வன்னியைப் பொறுத்தவரை இவ்வகை மருந்துகளின் முதன்மையான இடர் சிறுநீரகத்தில் உள்ளது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய், அதனை அடுத்துள்ள வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் பதிவாகியுள்ளது. அழற்சித் தணிப்பிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் இயல்பின. வெயிலில் நீரின்றி நெடுநேரம் உழைத்து உடல் வறண்ட விவசாயி ஒருவர் மாலையில் முதுகு நோவுக்கு இதனை உட்கொள்வது, சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருப்பின், நோயை விரைவுபடுத்தும். கண்ணாடி விரியன் கடித்து வலியோடு வருபவருக்கும், இரத்தம் உறையாமையும் சிறுநீரகச் சேதமும் நேரக்கூடும் என்பதால், இவை தவிர்க்கப்பட வேண்டியவை. குளிர்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் பாதுகாப்பான மாற்றாகத் தேர்ந்த மருந்து, உலர்வலய வயலோரத்தில் அதே தகுதியைப் பெறுவதில்லை.

நரம்புவலிக்கு முதல்நிலை மருந்துகளாகப் பரிந்துரைக்கப்படுபவை வேறு. மனச்சோர்வுக்காக உருவாக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த அளவில் நரம்புவலியைத் தணிப்பதாகக் கண்டறியப்பட்ட அமிற்றிப்ரிலின் மலிவானது. இரவில் உட்கொண்டால் உறக்கத்தையும் தரும். வலிப்பு மருந்துகளான கபாபென்ரினும் பிரிகாபலினும் நரம்பு முனைகளில் கல்சியம் நுழைவதைக் குறைத்து அவற்றின் கிளர்ச்சியை அடக்குகின்றன. அபினிசார் மருந்துக்குப் பாதுகாப்பான மாற்றாக உலகெங்கும் பரிந்துரைக்கப்பட்ட பிரிகாபலின், இன்று இலங்கையில் போதை மாத்திரையாகப் பரவலாகத் துர்ப்பயன்படுத்தப்படுகிறது. வடக்கிலும் இளைஞர்களிடமிருந்து பொலிசார் அதனைக் கைப்பற்றும் செய்திகள் தொடர்ந்து வெளியாகின்றன. அபினிசார் பொருள்களோடு சேரும்போது அது மூச்சை மேலும் மந்தமாக்குவதைக் கருத்திற்கொண்டு ஐக்கிய இராச்சியம் 2019 ஏப்ரலில் அதனைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நரம்பு அழுத்தத்தால் காலுக்கு இறங்கும் முதுகுவலிக்கு அது பயனற்றது என்பதை 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியிருந்தும், அந்நோவுக்கே அது பல நாடுகளில் அதிகமாக எழுதப்பட்டு வருகிறது.

பாதுகாப்பான மாற்றாக வந்த மருந்தே கேடாக மாறுவது தனித்த நிகழ்வன்று. 1898இல் ஹெரோயின் மோர்பினைவிடத் தீங்கு குறைந்த மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1977இல் மேற்கு ஜேர்மனியில் அறிமுகமான திரமடோல் மென்மையான, அடிமைப்படுத்தாத மாற்றாகக் கருதப்பட்டு, பின்னர் துர்ப்பயன்பாடு மிகுந்ததால் இந்தியாவில் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. புதிய மருந்தின் பாதுகாப்பு பற்றிய முதற்கட்ட முடிவுகள், சில ஆயிரம் நோயாளிகள் சில வாரங்கள் கண்காணிப்பில் உட்கொண்டதை அடிப்படையாகக் கொண்டவை. அம்மருந்து தெருவுக்கு வந்து பத்தாண்டு கழிந்த பின்னரே அதன் முழு முகமும் தெரியவருகிறது.

அறுவைக் கூடத்து மாற்றுகள்

விபத்துக் காயத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரிய மாற்றுகளுள் வசதி குறைந்த வைத்தியசாலைகளுக்கு மிகவும் ஏற்றது கெற்றமைன். 1962இல் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டு 1970இல் அங்கீகாரம் பெற்ற இம்மருந்து, மியூ ஏற்பிகளை நாடாமல் குளூற்றமேற் என்னும் நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பிகளை அடைத்து வலியை நீக்குகிறது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாழ்த்தாததால், சுவாசக் கருவியும் தொடர் மின்சாரமும் இல்லாத இடத்திலும் அதனைக் கொண்டு அறுவை செய்ய இயலும். மாயத்தோற்றங்களை உண்டாக்குவதும், போதைக்குப் பயன்படுவதும் அதன் குறைகள். இக்குறைகளைக் காட்டி அதனைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2015இல் சீனா முன்மொழிந்தபோது, வறிய நாடுகளின் கிராமப்புற அறுவைச் சிகிச்சை முடங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் எதிர்த்தது, முன்மொழிவு ஒத்திவைக்கப்பட்டது. தடைசெய்யப்படும் மருந்தின் விலையை யார் செலுத்துகிறார் என்னும் கேள்வியைச் சர்வதேச அரங்கில் வெளிப்படையாக எழுப்பிய நிகழ்வு அது.

இரண்டாவது வழி நரம்புத் தடுப்பு. புபிவகெயின் போன்ற மரப்பு மருந்தைக் கையையோ காலையோ நோக்கிச் செல்லும் நரம்பைச் சுற்றி ஊசியால் செலுத்தினால், அவ்வுறுப்பு மாத்திரம் பல மணி நேரம் வலியற்றிருக்கும். மூளையை அம்மருந்து எட்டாததால் மயக்கமோ மூச்சுத் தளர்வோ அடிமைப்படலோ இல்லை. நரம்பின் இருப்பிடத்தை மீயொலிக் கருவியால் பார்த்துச் செலுத்தும் முறை பரவியதால் அதன் துல்லியமும் பாதுகாப்பும் கூடியுள்ளன. தொடையெலும்பு முறிந்து வருபவருக்கும், உறுப்பகற்றும் அறுவைக்கு உட்படுபவருக்கும் இது அபினிசார் மருந்தின் தேவையைப் பெருமளவு குறைக்கிறது. மருந்து மலிவானது, தேவைப்படுவது பயிற்சி பெற்ற கை. மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மயக்கவியல் வைத்தியர் ஒருவர் இடம்மாறிச் சென்றால் இச்சேவை நின்றுபோகக்கூடும் என்பதால், இங்கே பாதுகாப்பு ஆளணியோடு பிணைந்துள்ளது.

ஆய்வுகூடத்தின் புதிய இலக்குகள்

நரம்பு முனையிலேயே வலிச் செய்தியைத் தடுத்துவிட்டால் மூளை சார்ந்த கேடுகள் எழா என்னும் எண்ணத்தில் கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வு பெரிதும் முன்சென்றது. வட பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் வலியையே உணராது பிறந்த சிறுவர்களை ஆராய்ந்த அறிவியலாளர், நரம்புகளில் சோடியம் நுழையும் வாயில்களுள் 1.7 என எண்ணிடப்பட்ட வாயில் அவர்களிடம் செயலற்றிருப்பதை 2006இல் கண்டறிந்தனர். கத்தியைக் கையில் செருகியும் தணலில் நடந்தும் தெருவில் வேடிக்கை காட்டிய சிறுவன் ஒருவனே அத்தேடலைத் தொடக்கி வைத்தவன்; கூரையிலிருந்து குதித்து, ஆய்வு தொடங்குமுன்னரே அவன் இறந்தான். வலியின்மை வரமன்று என்பதையும் அச்சிறுவனின் முடிவு உணர்த்திற்று. அவ்வாயிலை அடைக்க முயன்ற பல மருந்துகள் தோல்வியுற்ற பின்னர், அண்டையிலுள்ள 1.8 எண் வாயிலை அடைக்கும் சுசெற்றிரிஜின் என்னும் மருந்துக்கு 2025 ஜனவரி 30ஆம் நாள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகாரம் வழங்கியது. அறுவைக்குப் பின்னான வலியில் அது வெற்று மாத்திரையைவிட மேலானது. அபினிசார் கலவை மாத்திரையைவிட மேலானதாக நிறுவப்படவில்லை. காலுக்கு இறங்கும் நாட்பட்ட முதுகுவலியில் வெற்று மாத்திரை பெற்றோரும் ஏறத்தாழ அதே அளவு தேறினர். அறிமுகத்தின்போது மாத்திரையொன்றின் விலை 15.50 டொலராக இருந்தது; நாளொன்றுக்கு இரண்டு தேவை. மருந்துத் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்து, 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அடிப்படை மருந்துகளுக்கே இந்தியாவின் உதவியையும் தமிழக அரசின் உதவியையும் எதிர்பார்த்து நின்ற நாட்டின் இலவச மருத்துவ சேவைக்கு அது அண்மையில் எட்டக்கூடியதன்று.

பிற முயற்சிகளும் பாடம் தருபவை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து மூட்டுவலியைக் குறைத்த தனெசுமாப் என்னும் எதிர்ப்பொருள், சிலரின் மூட்டுகளை விரைந்து சிதைத்ததால் 2021இல் கைவிடப்பட்டது. கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து பெறப்பட்டு 2004இல் அங்கீகாரம் பெற்ற சிகொனொரைட், மோர்பினைவிட ஆற்றல் மிக்கதாயினும் தண்டுவடத் திரவத்துக்குள் பொருத்தப்பட்ட குழாய் வழியாகவே செலுத்தப்பட வேண்டியது. அந்நத்தையினத்தின் பல வகைகள் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கின்றன. இந்தியக் கரையோரக் கூம்பு நத்தைகளின் நச்சுப் புரதங்களைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் உள்ளிட்டோர் ஆராய்ந்துள்ளனர்.

இவற்றுள் வன்னிக்கு அணுக்கமானது மிளகாய். அதன் காரத்துக்குக் காரணமான கப்சைசின் எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்பொருளைச் செறிவான ஒட்டாகத் தோலில் இட்டால் எரிவை உணர்த்தும் நரம்பு முனைகள் சில வாரங்கள் செயலிழந்து, எரியும் நரம்புவலி தணிகிறது. செறிவு குறைந்த களிம்பு பயன் குறைந்ததாயினும் மலிவானது. ஆனால் மிளகாயை அரைத்துப் பூசுவது இதற்கு ஈடாகாது. அளவறியாத காரம் தோலைப் புண்ணாக்கிவிடும்.

மருந்துக்கு அப்பாற்பட்ட சிகிச்சைகள்

கை கால்களை இழந்தவர் இல்லாத உறுப்பில் உணரும் வலிக்கு எளிய தீர்வொன்றை முன்வைத்தவர், தமிழகத்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன். உடலின் நடுவே நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இருக்கும் உறுப்பின் பிம்பம் இழந்த உறுப்பின் இடத்தில் தோன்றுமாறு செய்து, அதனை அசைக்கப் பழகினால் பலருக்கு வலி குறைகிறது என்பதை அவர் 1990களின் நடுவில் காட்டினார். அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான சிறிய ஆய்வு இதனை ஆதரித்தது. கம்போடியாவில் மிதிவெடியால் காலிழந்த 45 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, நான்கு வாரக் கண்ணாடிப் பயிற்சியும் எஞ்சிய காலைத் தொட்டுத் தூண்டும் பயிற்சியும் வலியைக் கணிசமாகக் குறைத்ததைக் காட்டியது. ஆய்வுகள் சிறியவை, எல்லோருக்கும் பலனளிப்பதில்லை என்னும் வரையறைகள் இருப்பினும், கம்போடியக் கிராமங்களின் நிலை வன்னியின் நிலையை ஒத்தது என்பதால் அம்முடிவுகள் இங்கு தனி மதிப்புடையவை.

உறுப்பிழந்தோரின் வலிகளுள் எல்லாமே நரம்புவலி அல்ல. பொருந்தாத செயற்கைக் கால் உராய்வதால் எழும் வலிக்கு மாத்திரை மாற்றல்ல, காலைச் சீரமைப்பதே மாற்று. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் இயங்கிய வெண்புறா நிறுவனமும், 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையமும் இப்பகுதியினருக்குச் செயற்கை அவயவங்களை வழங்கி வந்தன. செயற்கைக் கால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. 2009இல் சிறுவராக இருந்தவருக்கு வளர வளர அளவும் மாறியிருக்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கு மாங்குளத்தில் உயிரிழை அமைப்பு ஆதரவளித்து வருகிறது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் நிதியுதவியோடு அமைந்த புனர்வாழ்வு மையம் 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் அவ்விடம் மூன்று மாவட்டத்தாருக்கும் எட்டக்கூடியது. உடற்பயிற்சி, தசை இறுக்கத் தளர்ப்பு, படுக்கைப்புண் தடுப்பு ஆகியவை இத்தகைய நோயாளிகளிடம் வலிநீக்கியின் பணியையே செய்கின்றன. உடலில் தங்கிய செல் துண்டு இரும்பாயின் காந்த அதிர்வுப் படமெடுப்பு ஆபத்தாகலாம் என்பதால், வலியின் காரணத்தை அறியவே வேறு முறைகளை நாட வேண்டியிருப்பதும் இங்கு கவனிக்கத்தக்கது.

உழைப்பாளரின் முதுகுவலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நோய் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை முதலியவற்றைப் பரிந்துரைத்து, அபினிசார் மருந்தை வழமையாக வழங்குதல் கூடாது என்றது. முதுகுவலியிலிருந்து தேறியவர்கள் வழிகாட்டலோடு ஒழுங்காக நடைபயின்றால் அது திரும்ப வருவதற்கான இடைவெளி நடுக்கணக்கில் 112 நாளிலிருந்து 208 நாளாக நீள்வதை 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

மூன்றாம் வகை வலியில் உளத்தின் பங்கு தவிர்க்க முடியாதது. யாழ்ப்பாண உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ச் சமூகத்தில் மனவடு உடல் நோவுகளாக வெளிப்படுவதையும், அது தனியாளுக்கு அப்பால் குடும்பத்தையும் ஊரையும் தாக்கும் கூட்டு வடுவாக இருப்பதையும் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தோரிடம் இவை மேலும் கூடுதலாக இருந்தன. காணாமற்போனவரைத் தேடும் ஒருவரின் நெஞ்சு நோவுக்கும் தலையிடிக்கும் மாத்திரை மாத்திரமே விடையாகும்போது, அம்மாத்திரையின் அளவு நாளடைவில் ஏறுவது எதிர்பார்க்கத்தக்கதே. அதேவேளை, உளம் சார்ந்தது என்ற முத்திரையால் வலியின் உண்மையை மறுத்தலும் தவறாகும்.

சுதேச மருத்துவத்தின் இடமும் இம்மதிப்பீட்டுக்கு உட்பட்டது. வடமாகாணத்தில் அரச சித்த மருந்தகங்கள் இலவசமாக இயங்குகின்றன. முறிவு நெரிவு வைத்தியர்களின் புக்கை கட்டலும், எண்ணெய் பூசி உருவுதலும், நொச்சி இலை ஒற்றடமும் மக்கள் நம்பிக்கையைப் பெற்றவை. சூடும் தொடுகையும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தக்கூடும் என்பதற்கு மெல்சாக்கும் வோலும் 1965இல் முன்வைத்த வாயிற் கோட்பாடு அறிவியல் விளக்கம் தருகிறது. எனினும் உலோகங்கள் சேர்ந்த உள்மருந்துகள் சிறுநீரகத்துக்குத் தீங்காகலாம். பெயரிடப்படாத தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்த நிகழ்வுகள் தெற்காசியாவில் அறியப்பட்டவை. வெளிப்பூச்சையும் ஒற்றடத்தையும் ஏற்று, உள்மருந்துக்குப் பரிசோதனையை வேண்டுவதே நியாயமான நிலைப்பாடாகும்.

முடிவுரை

இம்மீளாய்விலிருந்து வன்னிக்கு உரியனவாக மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முற்றிய புற்றுநோய்க்கும் கடுங்காயத்துக்கும் மோர்பினின் இடத்தை நிரப்பும் மருந்து இன்று இல்லையாதலால், மாற்றுத் தேடலின் ஒரு பகுதியாகவே, கண்காணிக்கப்பட்ட மோர்பினை மாவட்ட வைத்தியசாலைகளிலும் வீட்டுப் பராமரிப்பிலும் கிடைக்கச் செய்தல் வேண்டும். இரண்டாவது, அழற்சித் தணிப்பியும் பிரிகாபலினும் காட்டுவதுபோல, அபினி சாராதது என்பதாலேயே ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது. வலிக்கு நீண்டகாலம் மாத்திரை எடுப்போரின் சிறுநீரகச் செயற்பாட்டை ஒழுங்காகப் பரிசோதிப்பதும், தனியார் மருந்தகங்களில் பிரிகாபலின் மருந்துச் சீட்டின்றி விற்கப்படாததை உறுதிசெய்வதும் புதிய மருந்துகளுக்காகக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை. மூன்றாவது, இப்பகுதியின் வலிகளுக்குச் சான்றுடைய மாற்றுகளான நரம்புத் தடுப்பு, இயன்மருத்துவம், கண்ணாடிப் பயிற்சி, செயற்கை அவயவச் சீரமைப்பு, உளவள ஆதரவு ஆகிய யாவும் பெட்டியில் இறக்குமதியாகும் பொருள்களைவிடப் பயிற்சி பெற்ற மனிதர்களையே கூடுதலாக வேண்டி நிற்பவை. எனவே வன்னியில் பாதுகாப்பான வலிநீக்கத்துக்கான செலவின் பெரும்பங்கு, மாங்குளத்திலும் மூன்று மாவட்ட வைத்தியசாலைகளிலும் நிலைத்துப் பணிபுரியும் இயன்மருத்துவர், மயக்கவியலாளர், தாதியர், உளவளத் துணையாளர் ஆகியோருக்கான பதவிகளை உருவாக்குவதிலும் அவற்றை நிரப்புவதிலும் இடப்பட வேண்டியதாகும்.